ட்ரையல்ல ஜெயிச்ச குதிரைக்கு 40 பைசா ரேட் தகுமா?

"கண்ண மூடிட்டுப் போடலாம்"னு யாராவது சொன்னா எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துரும்.

கண்ணைத் திறந்து பாக்குறதுக்குத்தானே பந்தயமே!

விஷயம் இதுதான். பெங்களூர்ல வேலை பாக்குற அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மாக் ரேஸ் வீடியோ. (தெரியாதவங்களுக்கு: மாக் ரேஸ்னா ஒத்திகைப் பந்தயம். பரிசுப் பணம் கிடையாது, பெட் கிடையாது. புதுக் குதிரை கேட்லேருந்து ஒழுங்கா கிளம்புதா, கூட்டத்துக்கு நடுவுல மிரளாம ஓடுதா, ஓய்வு முடிஞ்சு வந்த குதிரைக்கு மூச்சு இருக்கான்னு பாக்க காலைல நடத்துறது. ஆஸ்திரேலியா, ஹாங்காங்ல இதையே பேரியர் ட்ரையல்ம்பாங்க.)

வீடியோவோட ஒரு வாய்ஸ் மெசேஜும்.

"மாமா, பாத்தீங்களா? மூணு நீளத்துல ஜெயிச்சிருக்கு! சனிக்கிழமைதான் மொத ரேஸ் ஓடுது. 40 பைசாதான் கிடைக்கும்ங்காங்க. கண்ண மூடிட்டுப் போட்டுரலாம்லா?"

ஒரு நீளம்னா ஒரு குதிரை நீளம். 40 பைசான்னா, ஒரு ரூபாய் கட்டி ஜெயிச்சா லாபம் 40 பைசா. நூறு கட்டினா கைக்கு வர்றது நூத்தி நாப்பது. தோத்தா நூறும் போச்சு.

இவன் என்கிட்ட கேட்ட கேள்வி "அந்தக் குதிரை ஜெயிக்குமா?"ங்கறது. கேக்க வேண்டியது அது இல்ல. "40 பைசாவுக்குத் தகுற அளவுக்கு ஜெயிக்குமா?" இதுதான் கேள்வி. ரெண்டுக்கும் நடுவுலதான் ரேஸ்கோர்ஸ்ல பாதிப் பேரோட சம்பளம் காணாமப் போகுது.

கணக்கைப் போட்டுப் பாருங்க. 40 பைசா ரேட்ல கைப்பணம் கரையாம இருக்கணும்னா, அப்படிப்பட்ட குதிரை நூறு தடவை ஓடுனா 71, 72 தடவை ஜெயிச்சாகணும். (100-ஐ 140-ஆல வகுத்தா 71.4.) ஒண்ணுக்கு ஒண்ணு ரேட்னா பாதிக்குப் பாதி ஜெயிச்சாப் போதும். ஒண்ணுக்கு ரெண்டுன்னா மூணுல ஒண்ணு போதும்.

பல நாட்டு ரேஸ்கோர்ஸ்ல பேவரிட் குதிரை (அதிகப் பணம் குவியுற, ரேட் குறைஞ்ச குதிரை) ஏறக்குறைய மூணுல ஒரு ரேஸ்தான் ஜெயிக்குது. நெசமான பந்தயத்துல ஓடி, தன் பலத்தைக் காட்டின குதிரைங்களையும் சேத்துத்தான் அந்தக் கணக்கு. இந்தப் பய குதிரை ஒரு ரேஸ்கூட ஓடல. ஒரு காலைல, கூட்டம் இல்லாத மைதானத்துல, யாரும் ஜெயிக்கணும்னு நினைக்காத ஓட்டத்துல முன்னாடி வந்திருக்கு. அதுக்கு 71 சதவீதமா?

சரி, கோவப்பட்டாப் போதுமா. வீடியோவைப் பாப்போம்னு உக்காந்தேன்.

ஏழு குதிரை. 1200 மீட்டர். நான் வீடியோவை மூணு விதமாப் பாப்பேன். முதல்ல சத்தத்தை நிறுத்திட்டு, ஜெயிச்ச குதிரையைப் பாக்காம மத்ததை மட்டும். அப்புறம் ஜாக்கிங்களோட கையை மட்டும். கடைசியா, முடிவுக் கம்பத்தைத் தாண்டின பிறகு என்ன நடந்துச்சுன்னு. (பெரும்பாலான வீடியோ கம்பத்தோட முடிஞ்சிரும். நல்லவேளை, இதுல இன்னும் கொஞ்சம் இருந்துச்சு.)

ஜெயிச்ச குதிரை கேட் திறந்ததும் சிட்டாப் பறந்துச்சு. அதுல சந்தேகம் இல்ல, கிளம்பின விதம் அருமை. உள்வேலியை ஒட்டி, முன்னால யாரும் இல்லாம, தன் போக்குல ஓடுச்சு. யாரும் நெருக்கல. மண்ணு வாரி மூஞ்சில அடிக்கல. அதை யாரும் துரத்தவும் இல்ல. கடைசி 400 மீட்டர்ல மேல இருந்தவர் முழங்கை மேலயும் கீழயும் போக ஆரம்பிச்சுது. தள்ளுறாரு. கடைசி 200-ல நல்லாவே தள்ளுறாரு. குதிரை கொடுத்துச்சு, மூணு நீளம் முன்னால வந்துச்சு.

இப்ப ரெண்டாவதா வந்ததைப் பாருங்க.

கேட்ல தடுமாறி, எல்லாத்துக்கும் கடைசியா கிளம்புச்சு. முதல் 400 மீட்டர் வெளிப்பக்கமாவே சுத்தி வந்துச்சு. திருப்பத்துல நாலாவது குதிரையை நடந்து போற மாதிரி தாண்டுச்சு. மேல இருந்தவர் கை? அசையவே இல்ல. கடிவாளத்தைப் பிடிச்சுக் குனிஞ்சு உக்காந்திருக்காரு, அவ்வளவுதான். ஒரு தடவைகூட "போ"ன்னு கேக்கல. கம்பத்தைத் தாண்டி ஒரு 100 மீட்டர் போனதும், ஜெயிச்ச குதிரையைத் தாண்டி முன்னால போயிட்டு இருந்துச்சு.

இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பாத்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. சொல்ல வேண்டியது எல்லாத்தையும் அந்த ரெண்டாவது குதிரையே சொல்லிட்டுப் போயிருச்சு!

மூணு நீளம்னா ரொம்பப் பெருசுன்னு நினைச்சுக்குறோம். குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப மூணு நீளம்ங்கறது அரை செகண்டை ஒட்டின நேரம். கேட்ல ஒரு தடவை தடுமாறினாலே அது போயிரும். முதுகுல இருக்குற எடையும் அப்படித்தான். அஞ்சு ஃபர்லாங் (சுமார் 1000 மீட்டர்) ஓட்டத்துல ஒரு நீளத்துக்கு மூணு பவுண்டுன்னு இங்கிலாந்துல ரொம்ப நாளா ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க. நம்ம கணக்குல ஒண்ணரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. மாக் ரேஸ்ல யார் முதுகுல எவ்வளவு எடைன்னு இவன் பாத்தானா? கேட்டேன். "எடையா மாமா?"ன்னான்.

இங்க ஒரு பழைய கதை சொல்லணும். குதிரைப் பந்தய உலகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

1764-ல இங்கிலாந்துல ஒரு சூரிய கிரகணத்தன்னைக்கு ஒரு குட்டி பொறந்துச்சு. பேரே எக்லிப்ஸ்னு வச்சுட்டாங்க. அதை வாங்கி வளத்தவர் வில்லியம் வைல்ட்மேன், கால்நடை வியாபாரி. அஞ்சு வயசு வரைக்கும் பந்தயத்துல விடல. 1769 மே 3-ம் தேதி எப்சம்ல முதல் பந்தயம். அதுக்கு முன்னால ஒரு ரகசிய ட்ரையல் வச்சாங்க. அதை ஒளிஞ்சிருந்து பாக்க லண்டன்லேருந்து ஆளுங்க போனாங்களாம், ஆனா லேட்டாப் போய்ச் சேந்துட்டாங்க. வழியில ஒரு கிழவியைப் பாத்து, "ஏதும் குதிரை ஓடுச்சா"ன்னு கேட்டிருக்காங்க. அந்தம்மா சொன்ன பதில் இன்னைக்கு வரைக்கும் ஆளுங்க வாயில இருக்கு. பந்தயமான்னு எனக்குத் தெரியாது. வெள்ளைக் கால் குதிரை ஒண்ணு பேய் மாதிரி ஓடிட்டு இருந்துச்சு, இன்னொண்ணு ரொம்பத் தூரம் பின்னால அதைத் துரத்திட்டு இருந்துச்சு, உலகத்தோட கோடி வரைக்கும் ஓடினாலும் அது இதைப் பிடிக்காதுன்னு சொன்னாங்களாம்.

இதைக் கேட்டுட்டு ஓடி வந்தவங்க போட்ட போடுல, ஒரு பந்தயம்கூட ஓடாத குதிரைக்கு ரேட் 25 பைசாவுக்கு வந்துருச்சு. நாலு கட்டினா ஒண்ணு லாபம். அதுக்குத் தேவை 80 சதவீதம்!

தகுமா? தகும்னு நான் சொல்வேன். எக்லிப்ஸ் அன்னைக்கும் ஜெயிச்சுது, அப்புறம் ஓடின எல்லாத்துலயும் ஜெயிச்சுது. 18 பந்தயம், ஒரு தோல்வி இல்ல. (அந்த முதல் நாள்தான் டென்னிஸ் ஓ'கெல்லிங்கறவர் முதல் சுற்று முடிஞ்சதும், அடுத்த சுற்றுல எக்லிப்ஸ் மட்டும்தான் இருக்கும், மத்தது எதுவும் கணக்குலயே வராதுன்னு பந்தயம் கட்டி ஜெயிச்சாரு. 240 கஜத்துக்கு மேல பின்தங்கின குதிரைக்கு இடமே கிடையாதுன்னு விதி. மத்தது எல்லாம் அவ்வளவு பின்தங்கிருச்சு.)

ஆனா அந்தக் கிழவி சொன்னதை உத்துப் பாருங்க. "வேகமா ஓடுச்சு"ன்னு மட்டும் சொல்லல. கூட இன்னொரு குதிரை இருந்துச்சு, அது துரத்திட்டு இருந்துச்சு, அதாவது அது சும்மா ஓடல, முழு முயற்சில ஓடுச்சு, அப்படியும் இடைவெளி குறையலன்னு சொல்றாங்க. ட்ரையலைப் பாக்குறது எப்படின்னு அந்தம்மாகிட்டதான் படிக்கணும். யார் கேட்டாங்க, யார் கொடுத்தாங்க, எவ்வளவு மிச்சம் இருந்துச்சு. மூணும் அந்தப் பதில்ல இருக்கு.

இப்ப எதிர்ப்பக்கக் கதை. 2006 பிப்ரவரி. அமெரிக்காவுல ஃப்ளோரிடா. ரெண்டு வயசுக் குதிரைங்களை ஏலம் விடுறதுக்கு முன்னால தனித்தனியா ஓட விட்டு நேரம் காட்டுவாங்க. அதுல ஒரு குதிரை ஒரு ஃபர்லாங்கை, அதாவது 200 மீட்டர் தூரத்தை, 9.8 செகண்ட்ல ஓடிக் காமிச்சுது. பாத்தவங்களுக்கு வாயடைச்சுப் போச்சு. ஏலத்துல 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போச்சு. ஒரு பந்தயக் குதிரைக்கு ஏலத்துல அதுக்கு முன்னால அவ்வளவு விலை யாரும் கொடுத்ததில்ல. பேரு தி கிரீன் மங்கி.

மூணே ரேஸ் ஓடுச்சு. ஒண்ணுகூட ஜெயிக்கல. மொத்தமா சம்பாதிச்சது 10,440 டாலர்.

அந்த 9.8 செகண்ட் பொய்யில்ல. கடிகாரம் சரியாத்தான் காட்டுச்சு. குதிரை தனியா ஓடுச்சு, 200 மீட்டர் ஓடுச்சு, முழு வேகத்துல ஓடச் சொல்லி ஓடுச்சு. பந்தயத்துல கேக்குற கேள்வி வேற. பக்கத்துல ஒரு குதிரை உரசிட்டு வரும்போது, இன்னும் 300 மீட்டர் பாக்கி இருக்கும்போது, மூச்சு முட்டும்போது உனக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கும். அந்தக் கேள்வியை யாரும் அதுகிட்ட அன்னைக்குக் கேக்கல.

அக்கா மகனுக்கு ரெண்டு கதையும் சொன்னேன். "அப்ப இது எக்லிப்ஸா, மங்கியா மாமா?"ன்னான். நல்ல கேள்விதான்.

பதில் சொல்ல நான் எங்க ஊர் மாட்டுக்கு வரணும்.

ஸ்ரீவைகுண்டத்துல பொறந்துட்டு குதிரையைப் பத்திப் பேசுறதுக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தது மாடுதான். நம்ம தூத்துக்குடி மாவட்டத்துல விளாத்திகுளம் பக்கமும் ஓட்டப்பிடாரம் பக்கமும் போனா, கோயில் கொடைன்னா மாட்டு வண்டிப் பந்தயம் இருக்கும். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவுல ஓடுற வண்டியைப் பாக்க எங்கெங்கேருந்தோ ஆள் வரும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டுன்னு பிரிச்சு விடுவாங்க. (பூஞ்சிட்டு, தேன்சிட்டு... மாட்டுக்குப் பேர் வைக்கிற மனுசன் எவ்வளவு ரசிகனா இருக்கணும்!) வண்டில ஒரு சாரதி, கூட ஓடி வர்றதுக்குத் துணைச் சாரதி. தூரம் எப்பவும் "போக வர" இத்தனை மைலுன்னுதான் நோட்டீஸ்ல போடுவாங்க.

அந்தப் "போக வர"தான் சூட்சுமம்.

எங்க பெரியப்பா வண்டி மாடு வச்சிருந்தாவ. பந்தயத்துக்கு முன்னால மாட்டை ரோட்டுல ஓட்டிப் பாக்குறப்ப எல்லாரும் முடியிற இடத்துல போய் நிப்பாங்க. பெரியப்பா திருப்பத்துலதான் நிப்பாவ. "போறப்ப எல்லா மாடும் ஓடும்ல. திரும்புறப்ப பாரு"ம்பாவ.

திருப்பத்துல என்ன நடக்கும்னா, உள்பக்கத்து மாடு கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே கால் மாத்தணும். வெளிப்பக்கத்து மாடு பெரிய வட்டமா சுத்தி வரணும். நுகத்தடி ரெண்டையும் சேத்துப் பிடிச்சிருக்கு. ஒண்ணு அவசரப்பட்டாலும் வண்டி சாயும், ஒண்ணு அசந்தாலும் நின்னுரும். திரும்பி நிமிந்த உடனே சாரதி கம்பை ஓங்காம, வாயால ஒரு "ஹேய்" போட்டதுக்கே ரெண்டும் சேந்து எட்டு வச்சா, அது ஜோடி. கம்பு விழுந்தாத்தான் நகருதுன்னா, போறப்பவே எல்லாத்தையும் செலவழிச்சிருச்சுன்னு அர்த்தம்.

ஓட்டம் முடிஞ்சதும் பெரியப்பா மாட்டு விலாவுல உள்ளங்கையை வச்சுட்டு அப்படியே நிப்பாவ. வேற யார்கூடவும் பேச மாட்டாவ. விலா எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு பாக்குறாவ. வாயில நுரை எப்படி இருக்கு, தண்ணி வச்சா உடனே குடிக்குதா, கொஞ்சம் நின்னு குடிக்குதா. ஜெயிச்ச மாட்டைவிட நாலாவது வந்த மாட்டைக் காட்டி "இது வரும்"னு சொன்னதை நானே கேட்டிருக்கேன். ஏன்னு கேட்டா, "ஓட்டுனவன் ஓட்டலடா, வேடிக்கை பாக்கக் கூட்டிட்டுப் போன மாதிரி போனான். அதுக்கே நாலாவது வந்துருக்கு"ம்பாவ.

(ஒண்ணு சொல்லிடுறேன். மாட்டு வண்டிப் பந்தயத்துல பணம் வச்சு ஆடுறது சட்டப்படி குத்தம். பெரியப்பா ஒரு பைசா கட்டினதில்ல. அவியளுக்கு மாடுதான் முக்கியம்.)

அப்புறம் வேலைக்காக மெட்ராஸ் போனேன். வேளச்சேரில ரூம். கிண்டி ரேஸ்கோர்ஸ் பக்கம்தான். ரேஸ் புத்தகத்துல காலைப் பயிற்சிக் குறிப்பும் மாக் ரேஸ் முடிவும் போடுவாங்க. எந்தக் குதிரை 600 மீட்டரை எத்தனை செகண்ட்ல ஓடுச்சு, சுலபமா ஓடுச்சா, தள்ளி ஓட்டினாங்களான்னு ஒத்தை வரில இருக்கும். நான் ஒரு நோட்டுல மாக் ரேஸ் ஜெயிச்ச குதிரைங்களை எழுதி வச்சு, அது முதல் ரேஸ்ல என்ன ஆச்சுன்னு பக்கத்துல எழுதுவேன். பெட் கட்டுறதுக்கு முன்னால இந்த நோட்டு நிறையட்டும்னு ஒரு வைராக்கியம்.

முதல்ல நேரத்தை மட்டும் எழுதினேன். போதல. ஒரு நாள் மைதானம் இறுகி இருக்கும், இன்னொரு நாள் மண்ணு இளகி இருக்கும். ஒரே காலைல நடந்த மத்த மாக் ரேஸ் நேரத்தையும் பக்கத்துல எழுத ஆரம்பிச்ச பிறகுதான் எண்ணுக்கு அர்த்தம் வந்துச்சு. அப்புறம் எத்தனை நீளத்துல ஜெயிச்சுதுன்னு எழுதினேன். அதுவும் போதல. கூட ஓடினது யாருன்னு எழுதினேன். இங்கதான் நோட்டு பேச ஆரம்பிச்சுது. பின்னால வந்த குதிரைங்க அடுத்தடுத்த வாரம் நிசப் பந்தயத்துல என்ன பண்ணுச்சுங்கறதுதான் பெரிய சாட்சி. மாக் ரேஸ்ல மூணாவது வந்தது போய் ஒரு ரேஸ் ஜெயிச்சுதுன்னா, அன்னைக்கு அதைத் தோக்கடிச்சதுக்கு மதிப்பு ஏறும். பின்னால வந்த எல்லாம் கடைசிலயே கிடந்தா, ஜெயிச்சதுக்கும் மதிப்பு இறங்கும்.

காலைல புலி, சாயங்காலம் பூனைன்னு ரேஸ்கோர்ஸ்ல சில குதிரைங்களைச் சொல்லுவாங்க. ஆள் இல்லாத காலைல அப்படிப் பறக்கும். சனிக்கிழமை கூட்டத்தோட சத்தம், பேடக்ல (ரேஸுக்கு முன்னால குதிரைங்களை நடத்திக் காட்டுற இடம்) சுத்தி நிக்குற ஆளுங்க, கேட்ல பக்கத்துக் குதிரை உதைக்குறது, இதெல்லாம் பாத்ததும் ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாலயே வேர்த்து வழிஞ்சிருக்கும். கழுத்துலயும் தொடை இடுக்குலயும் வெள்ளையா நுரை தெரியும். மாக் ரேஸ்ல அதெல்லாம் தெரியாது. ரேஸ் அன்னைக்கு பேடக்ல நின்னு பாத்தாத்தான் தெரியும். அதுக்குள்ள 40 பைசாவுக்குக் கட்டி முடிச்சிருப்பாங்க!

இதெல்லாம் ஒரு வித்தையா, சூதாட்டம்தானேன்னு கேக்குறவங்க உண்டு. எங்க வீட்லயும் உண்டு. தமிழ்நாட்டுல 1974-லயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996 ஜனவரி 12-ம் தேதி தீர்ப்பு வந்துச்சு. லட்சுமணன் வழக்குன்னு சொல்லுவாங்க. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, வெறும் அதிர்ஷ்டம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனா திறமை குதிரைகிட்டயும் ஜாக்கிகிட்டயும் இருந்தாப் போதாது. பணம் கட்டுறவன் கண்ணை மூடிட்டுக் கட்டினா, அவன் வரைக்கும் அது சூதாட்டம்தான். (கிண்டி குத்தகையை அரசு ரத்து பண்ணி, 2024 செப்டம்பர்ல இடத்துக்கு சீல் வச்சுது. பொது நிலம் பொது ஜனத்துக்கு வரணும்ங்கறதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா அங்க குதிரையைக் குளிப்பாட்டி, லாயம் கூட்டி, அதையே நம்பி வாழ்ந்த குடும்பங்களை நினைச்சா மனசு பொறுக்கல.)

ஒத்திகையைப் பாத்து விலை வைக்கிற விஷயத்துல நம்ம கடலோரத்துக்கு இன்னும் பழைய அனுபவம் இருக்கு. முத்துக்குளிப்பு.

அந்தக் காலத்துல குளிப்பு தொடங்குறதுக்கு முன்னால அதிகாரிங்க கடல்ல போய் பாரைச் சோதிப்பாங்க. (பார்னா சிப்பி விளையிற கடலடித் திட்டு. தூத்துக்குடிக்கு எதிரே தொலையிரம் பார் பேர் போனது.) மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, அழுக வச்சு, கழுவி, முத்தைப் பொறுக்கி, ஓட்டை போட்ட பித்தளைத் தட்டுகள்ல சலிச்சுத் தரம் பிரிச்சு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்புன்னு விலை போடுவாங்க. அதைப் பாத்துட்டு வியாபாரிங்க வருவாங்க. கரைக்கு வந்த சிப்பியை, திறக்காமயே, ஆயிரம் கணக்குல ஏலம் விடுவாங்க. உள்ள என்ன இருக்குன்னு எடுத்தவனுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது. மாதிரி மதிப்பு மட்டும்தான் கையில. அதை வச்சு எவ்வளவு ஏலம் கேக்கலாம்னு முடிவு பண்ணணும். மாக் ரேஸைப் பாத்து ரேட் முடிவு பண்ற அதே வேலை!

இதுல பெரிய அடி விழுந்தது எதிர்க்கரைல. 1905-ல இலங்கைப் பக்கம், மன்னார் கடல்ல, மரிச்சுக்கட்டில அதுவரைக்கும் காணாத பெரிய குளிப்பு நடந்துச்சு. அந்த ஜோர்ல 1906-ல லண்டன் ஆளுங்க ஒரு கம்பெனி போட்டு, 20 வருசத்துக்குக் குத்தகை எடுத்தாங்க. வருசத்துக்கு 3,10,000 ரூபாய். அன்னைக்கு அது என்ன பணம்! 1907 வரைக்கும் சிப்பி வந்துச்சு. அப்புறம் வரல. குஞ்சுச் சிப்பியை நீரோட்டம் அடிச்சுட்டுப் போயிரும், திருக்கையும் மத்த மீனும் தின்னுரும், மண்ணு மூடிரும். பார் தன் போக்குல ஒரு காலம் விளையும், ஒரு காலம் வெறுமையாக் கிடக்கும். கம்பெனி கலைஞ்சே போச்சு. நம்ம தூத்துக்குடிலயும் 1955-லேருந்து 1961 வரைக்கும் தொடர்ந்து குளிப்பு நடந்து, அதோட நின்னுருச்சு.

1905-ஐப் பாத்தவங்க பொய் சொல்லல. முத்து இருந்துச்சு. ஒரு நல்ல வருசத்தைப் பாத்துட்டு 20 வருசத்துக்கு விலை கொடுத்ததுதான் பிசகு. பத்து சிப்பி திறந்து பாத்த சந்தோஷத்துல பாரையே வாங்கின கணக்கு.

திரும்ப அக்கா மகன்கிட்ட வாரேன்.

நான் அவனுக்குக் கணக்கு போட்டுக் காமிச்சேன். சனிக்கிழமை அந்த ரேஸ்ல எட்டு குதிரை. எதுவுமே தெரியாதுன்னு வச்சுக்கிட்டா ஆளுக்கு 12.5 சதவீதம். அதுல மூணு குதிரை ஏற்கெனவே பல தடவை ஓடி ஒண்ணுமே தேறாதது, அதுங்களோட பங்கைக் குறைச்சுக்கலாம். நம்ம குதிரை கேட்லேருந்து அழகாக் கிளம்புது, அதுக்குக் கூட்டிக்கலாம். மாக் ரேஸ்ல காட்டின நேரம் அன்னைக்குக் காலைல நடந்ததுல நல்ல நேரம், அதுக்கும் கூட்டிக்கலாம். ஆனா தள்ளித்தான் ஓட்டினாங்க, துரத்த ஆள் இல்ல, கம்பத்துக்கு அப்புறம் மூச்சு விட்டுருச்சு. எல்லாத்தையும் வச்சுப் பாத்தா நான் 40 சதவீதம் கொடுப்பேன். தாராளமாவே கொடுத்திருக்கேன். 40 சதவீதத்துக்கு நியாயமான ரேட் ஒண்ணுக்கு ஒண்ணரை. இவங்க தர்றது 40 பைசா.

"அப்ப குறைஞ்ச ரேட்ல எதுவுமே கட்டக் கூடாதா மாமா?"

அப்படியும் இல்ல. அமெரிக்காவுல க்ரிஃபித்ங்கறவர் 1949-லயே பழைய பந்தய முடிவுகளை எடுத்துப் போட்டுப் பாத்து எழுதினாரு. ஜனங்க பெரிய ரேட் குதிரை மேலதான் தேவைக்கு மேல பணம் போடுறாங்க, குறைஞ்ச ரேட் குதிரைக்கு அதுக்குத் தகுந்த பணம் போறதில்லன்னு. அப்புறம் நிறைய பேர் நிறைய நாட்டுல அதையே பாத்தாங்க. ஆக 40 பைசாங்கறதாலயே அது மோசம் இல்ல. பத்து ரேஸ் ஓடி, நல்ல குதிரைங்களைத் தோக்கடிச்சு, எடை ஏத்தினாலும் ஜெயிச்சு வந்த குதிரைக்கு 40 பைசா கொடுத்தா நான் யோசிப்பேன். ஒரு காலை ஓட்டத்தை மட்டும் வச்சு 40 பைசாவுக்கு இறங்கினதுக்கு யோசிக்க மாட்டேன்.

இன்னொண்ணும் சொன்னேன், அவன் வாய் பிளந்து கேட்டான். வரி. ஜிஎஸ்டி வந்தப்ப குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவீதம் போட்டாங்க, 2025 செப்டம்பர் 22-லேருந்து 40 சதவீதம் ஆக்கிட்டாங்க. அது லாபத்து மேல இல்ல, கட்டுற தொகை மேல. நூறு ரூபாய் பந்தயத்துக்கு மேல 40 ரூபாய் வரின்னு வச்சுக்கோ, உன் கையை விட்டுப் போறது 140. 40 பைசா ரேட்ல குதிரை ஜெயிச்சா உனக்கு வர்றது?

"140..."ன்னு இழுத்தான்.

குதிரை தோத்தா எல்லாம் போகும். ஜெயிச்சா போட்டது திரும்ப வரும். இதுக்கா கண்ணை மூடுறது?

ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம், நான் எதிர்பாத்த கேள்வியைக் கேட்டான்.

"மாமா, அந்த ரெண்டாவது வந்தது எப்ப ஓடுது?"

அடுத்த வாரம் ஓடுதாம். ரேட் ஒண்ணுக்கு ஆறு இருக்கலாம்ங்காங்க. நான் சொன்னேன்: கேட்ல தடுமாறுற பழக்கம் இருந்தா ஆறும் பத்தாது. அதனால சனிக்கிழமை பைசாவை எடுக்காத. நோட்டை எடுத்துட்டுப் போ. மாக் ரேஸ்ல ஜெயிச்சது கடைசி 200 மீட்டர்ல யாராவது பக்கத்துல வந்தா என்ன பண்ணுதுன்னு எழுது. அடுத்த வாரம் பேடக்ல போய் நில்லு. அந்த ரெண்டாவது குதிரைக்கு கழுத்துல நுரை இருக்கான்னு பாரு, யார் ஏறுறாங்கன்னு பாரு, மாக் ரேஸ்ல ஏறின அதே ஆளா, பெரிய ஜாக்கியா. கேட்டுக்குள்ள விடுறப்ப எத்தனை ஆள் தள்ள வேண்டியிருக்குன்னு பாரு. எல்லாம் பாத்துட்டு எனக்கு போன் போடு. ரேட் என்னன்னு அதுக்கப்புறம் பேசுவோம்.

"சரி மாமா"ன்னான். நோட்டு வாங்கிட்டானாம். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். முதல் பக்கத்துல அந்த ஏழு குதிரை பேரையும் எழுதி, யார் கை அசைஞ்சுது, யார் கை அசையலன்னு ஒவ்வொண்ணுக்கும் நேரா குறிச்சிருக்கான். அஞ்சாவதா வந்த குதிரைக்கு நேரா ஒரு கேள்விக்குறி போட்டு, "திருப்பத்துல இதை நெருக்கிட்டாங்க, பாத்தீங்களா?"ன்னு எழுதியிருக்கான்.

நான் அதைக் கவனிக்கவே இல்ல. இப்ப மறுபடி வீடியோ போடணும்.